மாலை போட்டாச்சு... அப்புறம்?



இந்த வாரம் தலபுராணம் இல்லை. எங்க குழு தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்ட ஒரு பாடம்.

திருப்பூர் பக்கத்துல இருந்து தாராபுரம் வழியா பழனிக்கு நடந்து போற சின்னப் பாதயாத்திரைக் குழு எங்களோடது. போன தைப்பூசத்துக்கு ஒரு தம்பி புதுசா சேர்ந்தான், காலேஜ் இரண்டாம் வருஷம். மாலை போட்டு 20 நாள்ல அவன் தாத்தா தவறிட்டாரு. என்ன செய்யறதுன்னு தெரியாம மாலையைக் கழட்டி சாமி படத்துல மாட்டிட்டு, ராத்திரி வாட்ஸ்அப்ல "அண்ணா, நான் செஞ்சது தப்பா?"ன்னு கேட்டிருக்கான். பதிலுக்கு வந்தது ஒரு வாய்ஸ் நோட். நாமளா மாலையைக் கழட்டினா தெய்வ குத்தம்னு. விடியறதுக்குள்ள தம்பி குழுவை விட்டுப் போயிட்டான்.

அட்மின் நான்தான். அப்போ ஆன்லைன்லயும் இருந்தேன். எனக்கும் பதில் தெரியாததால பேசாம இருந்துட்டேன்.

மறுநாள் குருசாமிகிட்ட கேட்டேன். "சாவு விழுந்தா கழட்டித்தான் ஆகணும் கண்ணு. அடுத்த வருஷம் போட்டுக்கலாம். இதுல குத்தம் எங்க வந்துச்சு?"ன்னார். அவ்வளவுதான் பதில். மாலை போடற அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோணல.

ஆபீஸ்ல புது ஆள் வந்தா இரண்டு வாரம் கே.டி. கொடுக்கறோம். குழுவுல நாங்க கொடுத்தது ஒரு மாலை, ஒரு பச்சை வேட்டி, ஒரு பி.டி.எஃப். அந்த பி.டி.எஃப்.ஐ அனுப்பின நானே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சதில்லை!

சுவாமிமலைக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். படைக்கிற தொழில் பார்க்கிற பிரம்மாவுக்குப் பிரணவத்தோட பொருள் தெரியல, முருகன் சிறையில வச்சார். விடுவிக்கச் சொல்லி வந்த சிவபெருமானுக்கே அப்புறம் காதுல உபதேசம் பண்ணினார். நாம இதை எப்பவும் பிள்ளையோட பெருமையாவே சொல்றோம். எனக்கு இப்போ அந்த அப்பாதான் பெருசாத் தெரியறார். கத்துக்கணும்னா சிஷ்யனா அடங்கி நிக்கணும்னு அவரே நின்னாரே. பிரம்மா பக்கமும் கொஞ்சம் பாருங்க. மந்திரம் வாயில இருந்துச்சு, பொருள் இல்லை. ஸ்பீக்கர்ல கவசத்தைப் போட்டுவிட்டு போன் நோண்டிட்டு நடக்கிற நாம வேற எங்க இருக்கோம்?

அதனால இந்த வருஷம் ஐப்பசியிலேயே ஆரம்பிச்சோம். ஞாயிறு சாயங்காலம், ஊர்ப் பிள்ளையார் கோயில் மண்டபம், ஒரு மணி நேரம். முதல் வாரம் வேற எதுவும் இல்லை, மாலை மட்டும். எப்போ போடறது, சாப்பாடு, தூக்கம், வீட்டுல பிறப்பு இறப்பு வந்தா என்ன, உடம்பு முடியலைன்னா யார்கிட்ட சொல்றது. "ஷிப்ட் வேலை, ராத்திரி கேன்டீன்லதான் சாப்பிடணும், விரதம் என்னாகும்?"னு ஒரு பையன் கேட்டான். அதுக்கே அரை மணி நேரம் போச்சு. நல்லாவே போச்சு.

அடுத்த வாரம் இடும்பன். அகத்தியருக்காக சிவகிரி, சக்திகிரின்னு இரண்டு மலையைக் காவடியாக் கட்டித் தூக்கிட்டு வந்தவன், திருவாவினன்குடியில இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்க முடியல. மலை மேல கோவணத்தோட நின்ன சிறுவனோட சண்டை போட்டு உயிரை விட்டு, அவன் அருளாலேயே எழுந்து, தன்னை மாதிரி காவடி எடுத்து வர்றவங்களுக்கு அருள் கேட்டு வாங்கினான். பழனி மலைப் படியில அவன் சந்நிதி இருக்கு. ஒன்பது வருஷமா காவடி தூக்கற ஒரு அண்ணன் அன்னிக்குத்தான் முழுக்கதையும் கேட்டார். "இத்தனை வருஷம் அவரைத் தாண்டி ஓடிட்டேனே"ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

மனப்பாடத்துக்கு பாம்பன் சுவாமிகளோட சண்முக கவசத்தை எடுத்தோம். 1891ல பாடினது, 30 பாட்டு. 12 உயிரெழுத்து, 18 மெய் வரிசைன்னு ஒவ்வொரு பாட்டும் ஒரு எழுத்துல ஆரம்பிக்கும். அதாவது இன்டெக்ஸ் உள்ளேயே இருக்கு! அடுத்த பாட்டு எதுன்னு மறக்கவே முடியாது. ஒரு வாரம் ஒரு பாட்டுதான். போனை எடுக்கக்கூடாது, பொருள் சொல்லிட்டுத்தான் பாடணும். வேகம் கம்மிதான், தைப்பூசத்துக்குள்ள பாதி கூட வராது. பரவாயில்லை.

திருப்புகழ் சந்தம் எங்க யாருக்கும் வரல. எங்க தெருவுல ஒன்பதாவது படிக்கிற பாப்பா பாட்டு வகுப்புல முறையாக் கத்துக்குது. அதைக் கூப்பிட்டோம். திண்ணையில பாப்பா, கீழே தரையில சம்மணம் போட்டு எங்க குருசாமி. மூணு தடவை தாளம் தப்பிச்சு. "இன்னொரு வாட்டி சொல்லு தாயி"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டார்.

அந்தத் தம்பிக்கு நான் போன் பண்ண இரண்டு வாரம் தயங்கினேன். அப்புறம் பண்ணி, முதல்ல மன்னிப்புக் கேட்டேன். மூணாவது வகுப்புக்கு வந்தான், தூணோரமா உக்காந்தான். முடியற நேரத்துல மெதுவாக் கேட்டான்: "தாத்தா வருஷத் திதி இன்னும் வரல. மாலை போடாம, கூட வந்து தண்ணி மட்டும் கொடுக்கலாமா?"

குருசாமி சிரிச்சார். "தண்ணி வண்டிக்கு ஆள் இல்லாமத்தான் சாமி முழிச்சிட்டிருந்தோம்."

வர்ற ஞாயிறு காவடி கட்டற பாடம். பக்கத்து ஊர்க்காரங்களும் வரலாம், கயிறு மட்டும் கொண்டு வாங்க.

வேலும் மயிலும் துணை!