சாப்போ என்னும் சிறு கோளும் சூரியனின் தூரமும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் லட்சக்கணக்கான சிறு கோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவற்றின் பட்டியலில் எண்பதாவதாக இடம் பெற்றது சாப்போ. கி.மு. 600-ஐ ஒட்டி லெஸ்பாஸ் தீவில் வாழ்ந்த கிரேக்கப் பெண்பாற் புலவரின் பெயர் அது. அவருடைய பாடல்களுள் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பாப்பைரஸ் ஏடுகளிலும் பிறர் காட்டிய மேற்கோள்களிலும் எஞ்சிய துணுக்குகளே நமக்குக் கிடைத்துள்ளன.

இக்கோள் கண்டுபிடிக்கப்பட்ட இடம் சென்னை நுங்கம்பாக்கம். அங்கிருந்த வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராகிய நார்மன் ராபர்ட் போக்சன் 1864 மே 2-ஆம் நாள் இதனைக் கண்டார். விண்மீன்களின் ஒளித்தரம் ஒரு படி குறைந்தால் ஒளி 2.512 மடங்கு குறையும் என்று 1856-இல் அளவை வகுத்தவரும் இவரே. குறுக்களவு சுமார் 70 கிலோமீட்டரே உள்ள சாப்போ வெறுங் கண்ணுக்குப் புலப்படாது. இத்தகைய ஒன்றினால் என்ன பயன் என்று வாசகர் வினவலாம்.

சாப்போ சூரியனை ஒரு முறை சுற்றிவர 3.48 ஆண்டுகள் ஆகின்றன. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றுக் காலத்தின் வர்க்கம் சராசரி தூரத்தின் கனத்துக்குச் சமம். காலத்தை ஆண்டிலும், தூரத்தைப் பூமி-சூரியன் தூரத்தின் மடங்கிலும் கூற வேண்டும். 3.48-இன் வர்க்கம் 12.1. எதன் கனம் 12.1? ஏறக்குறைய 2.296. ஆகவே சாப்போவின் சராசரி தூரம் பூமியின் தூரத்தைப்போல் 2.296 மடங்கு. ஆனால் இவ்விதி தருவது மடங்குக் கணக்கு மட்டுமே. சூரிய மண்டலம் முழுவதும் அளவுகோல் குறிக்கப்படாத தேசப்படம் போன்றது. ஏதேனும் ஒரு கோளின் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துவிட்டால், எஞ்சிய தூரங்கள் யாவும் தாமே வெளிப்படும்.

அவ்வளவீட்டுக்கு உதவுவது இடமாறு தோற்றம். கையை நீட்டி விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் பெயர்வதாகத் தோன்றுமல்லவா? பூமியின் இரு வேறு இடங்களிலிருந்து நோக்கும்போது, அருகிலுள்ள கோளும் விண்மீன்களிடையே அவ்வாறே சற்று விலகித் தோன்றும். 1874-இலும் 1882-இலும் வெள்ளி சூரிய வட்டத்தைக் கடந்தபோது இம்முறை பெருஞ் செலவில் கையாளப்பட்டது. ஆனால் வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலவில்லை. செவ்வாயின் சிவந்த வட்டமும் இடர் தந்தது.

வட்டமாகத் தோன்றுவதே குறையென்றால், புள்ளியாகத் தோன்றும் கோளை நாடுவதே வழி! நன்னம்பிக்கை முனை வானாராய்ச்சி நிலையத் தலைவர் டேவிட் கில் சாப்போ, ஐரிஸ், விக்டோரியா ஆகிய மூன்று சிறு கோள்களைத் தேர்ந்தெடுத்தார். 1888-89-இல், வட அரைக்கோள நிலையங்கள் சிலவற்றின் துணையுடன் அவற்றை அளந்தார். அவர் கையாண்ட ஹீலியோமீட்டர் என்னும் கருவியில் பொருளருகு வில்லை இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கும். பாதிகளை நகர்த்தி, கோளின் பிம்பத்தையும் விண்மீனின் பிம்பத்தையும் ஒன்றுசேர்ப்பர்; நகர்த்திய அளவே அவற்றிடையே உள்ள கோணத்தைக் காட்டும். இரண்டும் புள்ளிகளாதலின் கண் ஏமாறுவதில்லை.

சாப்போ பூமிக்கு மிக அருகில் வரும்போதும் 12 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். பூமியின் மையத்திலும் மேற்பரப்பிலும் நின்று நோக்கினால் தோன்றும் மிகப் பெரிய விலகல் அப்போது சுமார் பத்தரை விகலையே. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உள்ளன. இத்தகைய நுண்ணிய கோணங்களிலிருந்து, சூரியனின் இடமாறு தோற்றம் 8.80 விகலை என்று கில் கணித்தார். 1896-இல் பாரிஸில் கூடிய வானவியலார் இம்மதிப்பையே ஏற்றனர். இதன்படி சூரியனின் தூரம் 14 கோடியே 95 லட்சம் கிலோமீட்டர். 2012-இல் வரையறுக்கப்பட்ட வானியல் அலகுடன் ஒப்பிட்டால் பிழை ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். அதாவது ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு.

பின்னர் இன்னும் அருகே வரும் ஈராஸ் என்னும் சிறு கோள் இப்பணிக்குப் பயன்பட்டது. 1961-இல் வெள்ளியிலிருந்து எதிரொலித்த ரேடார் அலைகள் இம்முறைக்கே முடிவு கட்டின. சாப்போ ஏறத்தாழ 17 மாதங்களுக்கு ஒரு முறை சூரியனுக்கு எதிர்த்திசையில் வருகிறது. அக்காலத்தில், நல்ல விண்மீன் படமும் சிறு தொலைநோக்கியும் உடையோர் அடுத்தடுத்த இரவுகளில் நோக்கினால், விண்மீன்களிடையே அது இடம் பெயர்வதைக் காணலாம்.