ஹாலேக்குப் புறப்படும் நிலாவுக்கு

அன்புள்ள நிலா,

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்த செய்தியை அண்ணன் போனில் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. விசா, வங்கிக் கணக்கு, விடுதி அறை என்று நீ அலைந்துகொண்டிருப்பாய். அண்ணி எழுதி வைத்திருக்கும் பட்டியலையும் பார்த்தேன்: குக்கர், புளி, வடகம், சாம்பார் பொடி, ஸ்வெட்டர். எல்லாம் வேண்டியவைதான். பெட்டியில் வைக்க முடியாத ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தால் பார்வை தானாக விரிந்துவிடும் என்று நம் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் கல்லூரியில் வெளிநாடு போகும் மாணவர்களை வழியனுப்பி, திரும்பி வந்தவர்களோடு பேசிப் பேசி எனக்கு வந்த முடிவு வேறு. போவதால் மட்டும் எதுவும் நடப்பதில்லை. வெளிநாட்டில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. அதுவும் இதையே சொல்கிறது. அயல் மண்ணில் இருந்ததால் மட்டும் பிற பண்பாட்டாரோடு பழகும் திறன் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. அங்கே கண்டதையும் பட்டதையும் பற்றி அடிக்கடி உட்கார்ந்து பேச ஒரு வழிகாட்டி இருந்தவர்களிடம்தான் வளர்ச்சி நன்றாகத் தெரிந்தது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கியவர்களிலும், ஓய்வு நேரத்தை அந்தக் குடும்பத்தோடு கழித்தவர்களே கற்றுக்கொண்டார்கள். அறையை மட்டும் பகிர்ந்துகொண்டவர்களுக்குப் பெரிய பலன் இல்லை.

அப்படியென்றால் இது பழகிப் பழகி வரும் திறன். பழகுவதை விமானம் ஏறும் முன்பே தொடங்கலாம்.

எங்கள் கல்லூரியில் புறப்படப்போகும் மாணவர்களை வைத்து ஒரு சீட்டாட்டம் நடத்துவோம். அதன் பெயர் பார்ங்கா. இதை உருவாக்கியவர் சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன். கல்வித் துறையில் 'தியாகி' என்றால் உலகம் முழுக்கத் தெரியும். 1980-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், பார்ங்கா என்ற ஊரில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இதற்கான யோசனை பிறந்தது. ஊரின் பெயரே ஆட்டத்துக்கும் ஆனது.

நாலைந்து மேசை போடுவோம். மேசைக்கு நாலு பேர். ஏஸிலிருந்து ஏழு வரையிலான சீட்டுகள் மட்டும், கூடவே ஒரு விதித்தாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆடிப் பழகலாம். பிறகு தாளைப் பிடுங்கிக்கொள்வோம். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் ஒரு பக்கத்து மேசைக்கும் தோற்றவர் மறுபக்கத்து மேசைக்கும் மாற வேண்டும். இதில் அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மேசைக்கு மேசை விதி வேறு. ஓரிடத்தில் ஏஸ்தான் பெரிய சீட்டு, இன்னோரிடத்தில் அதுவே கடைசி. இங்கே ஸ்பேடு துருப்பு, அங்கே டைமண்ட், மூன்றாவது மேசையில் துருப்பே கிடையாது.

போன முறை ஒரு பையன் புது மேசைக்குப் போய் ஸ்பேடை இறக்கிவிட்டுப் பிடியை எடுக்கக் கை நீட்டினான். எதிரே இருந்த பெண் அதே சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள். இவன் ஸ்பேடைத் தட்டித் தட்டிக் காட்டினான். அவள் தலையை ஆட்டி டைமண்டைக் காட்டினாள். பக்கத்திலிருந்த இன்னொரு பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தான். அதன்பிறகு அவன் ஆட்டத்தில் மனமே வைக்கவில்லை. முடிந்ததும் பேசச் சொன்னோம். ஸ்பேடுக்காரன் சொன்ன முதல் வாக்கியம், "அந்தப் பொண்ணு ஏமாத்தறா மேடம்." அவள் சொன்னது, "அவனுக்கு ஆட்டமே தெரியல." விதி வேறாக இருக்கலாமே என்று முதலில் சந்தேகப்பட்டது, புதிதாக வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே ஆடிய ஒரே ஒருத்தி. அவளும் அதை வெளியில் காட்டவில்லை. சைகையால் காட்ட வழி தெரியவில்லை என்றாள்.

இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கக் காரணம், எல்லாமே முழுக்க முழுக்க வேறாக இருக்கும்போது நாம் எச்சரிக்கையாக இருப்போம் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. முக்கால்வாசி ஒன்றுபோல இருந்து, ஒரு சின்ன விதி மட்டும் மாறியிருந்தால்தான் எதிராளியை அயோக்கியன் என்றோ மடையன் என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். ஜெர்மனியும் உனக்கு அப்படித்தான் இருக்கும். வகுப்பு, லேப், கேன்டீன், வாட்ஸ்அப் எல்லாம் இங்கே இருப்பவைதான். சிக்கல் துருப்பில் வரும்.

இனி கையோடு வைத்துக்கொள்ள ஒரு பயிற்சி. நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள். முதல் கட்டத்தில் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். இரண்டாவதில் அதற்கு நீ கொடுக்கும் பொருள். மூன்றாவதில் உனக்கு அது பிடித்ததா, உறுத்தியதா. கேட்கச் சுலபமாக இருக்கும். எழுதிப் பார், முதல் கட்டமே தகராறு செய்யும்.

ஓர் உதாரணம். லேபில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறான்; உன்னிடம் ஒரு வாய் நீட்டவில்லை. உன் கை உடனே 'என்னை அவன் மதிக்கவில்லை' என்று எழுதும். அதை அடி. அது இரண்டாம் கட்டத்துச் சரக்கு. 'டப்பாவைத் திறந்தான், சாப்பிட்டான், என்னிடம் எதுவும் கேட்கவில்லை' என்பதுதான் முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் உன் பொருளை எழுதிவிட்டு, அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு பொருளையாவது தேடு. அங்கே யாருமே டப்பாவைப் பகிர்வதில்லையோ என்னவோ. நீ என்ன சாப்பிடுவாய் என்று தெரியாமல் தயங்கியிருக்கலாம். கேட்டால் உனக்குச் சங்கடமாகும் என்று நினைத்திருக்கலாம். பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார். கேட்காமல் விட்ட பொருள் எல்லாம் ஊகம்தான்.

இதன் மறுபக்கத்தையும் யோசி. நம் வீட்டில் விருந்தாளி "போதும்" என்றாலும் இன்னொரு தோசையை இலையில் போட்டால்தான் உபசாரம். விருந்தாளியும் இரண்டாவது முறை கேட்கட்டும் என்று காத்திருப்பார். ஜெர்மன் வீட்டில் நீ "வேண்டாம்" என்றால் தட்டு அப்போதே போய்விடும், பசியோடு திரும்ப வேண்டியதுதான். நீ உன் அறைக்கு அவர்களை அழைத்து, "போதும்" என்ற பிறகும் சோற்றை வைத்தால், தாங்கள் சொல்வதை நீ காதில் வாங்கவில்லை என்று அவர்கள் நினைக்கக்கூடும். அவர்கள் மனதில் உன்னைப் பற்றி எழுதப்படும் இரண்டாம் கட்டம் அது. நாம் மட்டும்தான் அடுத்தவரைப் பார்த்துப் பொருள் கண்டுகொண்டிருக்கிறோம் என்று நினைத்துவிடாதே.

சின்னச் சின்னத் தகவல்கள் போனதும் தெரிந்துவிடும். விரிவுரை முடிந்ததும் கைதட்டாமல் மேசையில் முஷ்டியால் தட்டுவார்கள். நேர அட்டவணையில் மணிக்கு அருகே 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு கால் மணி கழித்துத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால் வாங்கி வை. பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்தினால் கெட்ட சகுனம் என்பார்கள். பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவருவது வழக்கம். நீ பள்ளியில் சாக்லேட் கொடுத்ததை நினைத்துக்கொள், அது ஒன்றும் புதிதாக இருக்காது.

பேராசிரியர் உன் அறிக்கையைப் படித்துவிட்டு, மூன்றாம் பக்கம் தவறு, முடிவு நிற்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவார். பாராட்டில் தொடங்கிச் சுற்றி வளைக்கும் பழக்கம் அங்கே குறைவு. அதைக் கேட்டு அன்று இரவு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர் சொன்னதை மட்டும் முதல் கட்டத்தில் எழுதிக்கொள்; வேலையைத்தான் சொல்கிறார் என்பதை இரண்டாவதில் எழுது. அதேபோல, புரியாதபோது "புரிந்தது சார்" என்று தலையாட்டும் நம் வழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. மரியாதைக்காக நீ வாய் மூடியிருந்தால், படிக்காமல் வந்திருக்கிறாள் என்றுதான் அங்கே எண்ணுவார்கள். மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் ஒதுக்கும் நேரம் எதற்கு? போய்க் கேட்பதற்குத்தான்.

யாரோடு பழகுவது? இறங்கிய அன்றே தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுவாய். சேர வேண்டும். ஜுரம் வந்தால் ரசம் கொண்டுவரப்போவது அவர்கள்தான். ஆனால் எல்லா வேளைச் சாப்பாடும், எல்லா ஞாயிறும் அந்தக் குழுவோடு என்றால், நீ ஹாலேயில் இருந்தும் இல்லாதவள். கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதிய புத்தகத்தில், வேறு வேறு குழுவினர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் வெறுப்பு கரையாது என்றார். சம நிலை வேண்டும், பொது நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதற்கு நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும். 'சர்வதேச உணவு விழா' என்று வருடத்தில் ஒரு நாள் சமோசா விற்பதில் இந்த நான்கும் கூடி வருவது கடினம். சேர்ந்திசைக் குழுவில் கூடும். துடுப்புப் படகுச் சங்கத்தில் கூடும். ஹாலே இசையமைப்பாளர் ஹேண்டல் 1685-இல் பிறந்த ஊர். உனக்குச் சங்கீதம் வரும், பாட்டுக் குழு ஒன்றைத் தேடிச் சேர். ராகம் தெரிந்த உனக்கு நோட்டேஷன் பார்த்துப் பாடத் தெரியாது, பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியும். ஆளுக்கொன்று தெரிந்து, இரண்டு பேருக்கும் ஒரே கச்சேரி தேதி இருக்கும்போது பேச்சு தானாக வரும். டான்டம் என்று ஓர் ஏற்பாடும் உண்டு: நீ ஒரு மொழி சொல்லித்தருவாய், அவர் ஒரு மொழி சொல்லித்தருவார். ஆங்கிலத்திலேயே எல்லாம் நடந்துவிடும் என்று ஜெர்மனைத் தள்ளிப்போடாதே. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். சமையலறைப் பேச்சு ஜெர்மனில்தான் நடக்கும்.

நீ போகும் ஊருக்கும் நமக்கும் முந்நூறு வருடத்துப் பழக்கம் உண்டு. ஹாலேயில் படித்த பாதிரியார் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதித் தமிழ் படித்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலேயில்தான் அச்சானது. அவரும் அவரோடு இருந்தவர்களும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில்களைக் கடிதங்களாக வாங்கி, ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அவை அங்கே அச்சேறின. மதம் மாற்ற வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் தெய்வங்களைப் பற்றி நம்மவர்களிடமே கேட்டு ஒரு நூல் எழுதினார். அதை 1713-இல் அனுப்பிவைத்தபோது ஹாலேயிலிருந்த மேலிடம் அச்சிட மறுத்துவிட்டது. அது அச்சைப் பார்த்தது 1867-இல், சென்னையில். வந்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கும் ஊரிலேயே இருந்தவர்களுக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியை நீயும் சந்திப்பாய்; லீவுக்கு வரும்போது நம் வீட்டுக் கூடத்திலேயே சந்திப்பாய். ஹாலேயில் ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. போய்ப் பார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று கட்டப் பயிற்சி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதற்கான பயிற்சி இல்லை. தோலைப் பார்த்து வீடு கொடுக்க மறுத்தாலோ, டிராமில் யாராவது வசை பாடினாலோ, அதற்குப் 'பண்பாட்டு வேறுபாடு' என்று பெயர் வைக்காதே. 2019 அக்டோபரில் ஹாலேயிலேயே யூதர் ஆலயத்தின் மீதும் கபாப் கடையின் மீதும் ஒரு வலதுசாரித் தீவிரவாதி தாக்குதல் நடத்தி இருவரைக் கொன்றான். அந்த ஊர் மக்கள் அதை இன்னும் மறக்கவில்லை. பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் அங்கே 2006-இல் வந்தது. அதற்கென்று அரசு அலுவலகமும் உண்டு, பல்கலைக்கழகத்திலும் முறையிடலாம். கூச்சப்படாமல் போ. அதே கண்ணை நம் பக்கமும் திருப்பு. ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்தவனிடம் ஊரை விசாரிக்கிற சாக்கில் சாதியை விசாரிப்பதையும் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் அப்படி எதையும் பேசாதே, பேசுகிறவர்களோடு சிரிக்காதே.

நவம்பர், டிசம்பரில் மனம் சோர்ந்துபோகலாம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அமெரிக்காவில் தங்கிவந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்த லிஸ்கோர் 1955-இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாக இருந்தார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் வாடினார்கள். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே அதை ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதே. சோர்வு வந்தால் 'எனக்கு இந்த ஊர் ஒத்துவராது' என்று முடிவெடுக்க அது நேரமில்லை என்று மட்டும் தெரிந்துகொள். அந்த மாதங்களில் அறைக்குள் அடையாதே. பாட்டுக் குழுவின் ஒத்திகையைத் தவறவிடாதே.

இப்போதைக்கு உனக்கு இரண்டு வேலை. புதிதாக வருபவர்களுக்கு ஒரு மூத்த மாணவரைத் துணையாகச் சேர்த்துவிடும் ஏற்பாடு உண்டா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பிக் கேள். அடுத்து, உன் விடுதியில் இருக்கும் மணிப்பூர்ப் பெண்ணோடு மூன்று வருடம் ஒரே மாடியில் இருந்திருக்கிறாய். அவள் என்ன சமைப்பாள், எந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போவாள், இங்கே அவளை எது உறுத்தியது என்று கேட்டு மூன்று கட்டத்தில் எழுது. எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை வைத்துப் பேசலாம். ஹாலே போன பிறகும் அதே ஞாயிறு, அதே நேரம். அங்கே மத்தியானமாக இருக்கும்.

அன்புடன்,
அத்தை