மழை நாட்டில் வீட்டுத்தோட்டம்
(சப்பிரகமுவைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் அயற்கிராமக் கமக்காரருக்கும்)

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பள்ளத்தாக்கின் அடியிலே நெல்வயலும், அதற்கு மேலே சரிவில் இறப்பரும் தாழ்நாட்டுத் தேயிலையும் காணப்படும். இவற்றுக்கு நடுவே லயன் வீட்டின் முன்னும் பின்னும் கிடக்கும் சிறு துண்டு நிலமே பல குடும்பங்களுக்குக் கறித்தோட்டமாகும். அதன் பெறுமதியை அண்மைக்காலம் நன்கு உணர்த்திற்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப்பொருள்களின் விலை முந்திய ஆண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் இத்தகைய விலையேற்றம் வந்தால் முதலிற் குறைவது சோறன்று. சோற்றோடு உண்ணும் கறியே.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே இங்கு வீட்டுத்தோட்டக்காரரின் முதல் வேலை மழைநீரை வெளியேற்றுவதாகும்; நீர் ஊற்றுவது அதற்குப் பிந்தியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கிணற்றுநீரைத் தேக்குவதற்காகத் தாழ்ந்த பாத்தி கட்டுவர். அவ்வழக்கத்தைச் சப்பிரகமுவையிற் கைக்கொண்டால் வேர் அழுகிச் செடி மடியும். இங்கே பாத்தி மூன்றடி அகலமாகவும், சுற்றியுள்ள நிலத்திலும் ஓரடி உயர்ந்தும் இருத்தல் வேண்டும். சரிவான நிலத்திற் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகவே அமைத்து, அவற்றிடையே மெல்லிய சாய்வுடன் கான் வெட்டி, அதனை ஏற்கெனவே உள்ள பெரிய கானில் இணைத்தல் வேண்டும். பாத்தியின் கீழ்விளிம்பில் வெட்டிவேரையோ சேராப் புல்லையோ நெருக்கமாக நட்டால் மண் கழுவுண்டு போகாது. மேற்பரப்பைத் தழைகளால் மூடி வைப்பதும் அவசியம். வெறும் மண்ணில் அறையும் மழைத்துளி, ஒரே இரவில் நல்ல மண்ணைக் கானுக்குள் அள்ளிச் செல்வதைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோர் அறிவர்.

இடத்தை விரிக்கும் ஆசையில் வீட்டின் பின்புறத்து மண்மேட்டை வெட்டுதல் ஆகாது. 2016 மே 17 அன்று பெருமழையின் பின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளிற் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்ட லயன் வீடுகளும் மண்ணுட் புதைந்தன. செங்குத்தான மேட்டிலே மரவள்ளி நடுவதும் தவறு. கிழங்கு பிடுங்கும்போது மண் முழுவதும் இளகிவிடும். கானின் நீரை மேட்டின் விளிம்பில் விட்டுவிடலாகாது. நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலோ, மரங்கள் புதிதாகச் சாய்ந்தாலோ, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலோ தோட்டத்தைப் பற்றிய எண்ணத்தை விட்டு உடனே வீட்டைவிட்டு வெளியேறுதல் வேண்டும்.

இம்மண் புளிப்புத் தன்மையுடையது. மழை சுண்ணாம்புச் சத்தைத் தொடர்ந்து கரைத்துக்கொண்டு போவதே அதற்குக் காரணம். நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வரை டொலமைட் தூவிக் கொத்திவிடுக. அதனை மாட்டெருவுடன் ஒரே நாளிற் கலந்தால் எருவிலுள்ள நைதரசன் ஆவியாகிப் போகும். எருவைப் பின்னரே இடுதல் நன்று. வேலிக்குக் கிளிரிசீடியாத் தடிகளை நட்டால், வெட்டிய குழை பாத்திக்குப் பசளையாகும், வேலியும் அழியாது.

இனிப் பயிரைப் பார்ப்போம். காலையிற் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ சென்று மாலையில் திரும்புவோருக்கு அடிக்கடி பராமரிப்பு வேண்டாத பயிரே ஏற்றது. கங்குன் மூன்று நான்கு கிழமையிற் கைக்கு வரும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஓரளவு நிழலைத் தாங்கும். சிறகவரை இந்த ஈரவலயத்துக்கென்றே அமைந்தது போன்ற கொடி. அதன் காய், இளந்தளிர், கிழங்கு மூன்றும் உணவாகும். பயிற்றை, வெண்டி, பாகல் ஆகியவற்றுக்கு நல்ல வெயில் வேண்டும்; இறப்பர் நிழலில் அவை காய்க்கமாட்டா. பாகற்பிஞ்சுக்குக் கடதாசி உறை கட்டினாற் பழ ஈ முட்டையிடாது. மாலையிற் பப்பாசி இலைகளை நிலத்திற் பரப்பி வைத்தால் நத்தைகள் அவற்றின் கீழ் ஒதுங்கும். காலையிற் பொறுக்கி அழிக்கலாம். அவற்றை வெறுங்கையால் தொடலாகாது.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு இங்கு முதற்பகை பற்றீரியா வாடல் நோய். இலை மஞ்சளாகாமலே, பச்சையாயிருக்கும் செடி திடீரெனத் துவளும். அதன் தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் நுனி மட்டும் அமிழப் பிடித்தால், சில நிமிடங்களிற் பால்போன்ற இழை கீழே இறங்கும். அப்படி இறங்கினால் மருந்து தேடிப் பணம் செலவிடுதல் வீண். செடியை வேரோடும் மண்ணோடும் அகற்றுக. கூட்டெருக் குழியிற் போடற்க. அவ்விடத்தில் அக்குடும்பப் பயிர்களைச் சில போகங்களுக்குத் தவிர்த்தல் வேண்டும். சுண்டைச் செடியின் அடித்தண்டிற் கத்தரியை ஒட்டி நட்டால், நோயுள்ள மண்ணிலும் பெரும்பாலும் தாங்கும்.

கனிகளைப் பொறுத்தவரை, இஸ்ட்ரோபரி நுவரெலியாக் குளிருக்கு உரியது. தாழ்நாட்டுப் புழுக்கத்தில் அதனை முயல்வது வீண் செலவு. சப்பிரகமுவைக்கு உரிய சிறு கனிகள் வேறு உள. மணத்தக்காளியின் நன்கு பழுத்த கனியைச் சிறுவர் உண்ணலாம். பச்சைக் காயை அப்படியே தின்னக் கொடுத்தலாகாது. கொடித்தோடை ஏறத்தாழ ஓராண்டிற் காய்க்கத் தொடங்கும். மேடாக்கிய மண்ணில் வேலியோரம் நடுக. அரைநெல்லிக்கும், சிங்களத்தில் லொவி எனப்படும் புளிப்புக் கனிக்கும் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும். நிலம் குடும்பத்தின் பெயரில் இல்லாத இடங்களில் மரம் நடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்தின் இசைவைப் பெறுதல் பிந்திய மனத்தாங்கலைத் தவிர்க்கும். அது கிடைக்கும்வரை சாக்குகளிலும் பழைய வாளிகளிலும் நடலாம். அடியில் துளையிடாத பாத்திரம் டெங்கு நுளம்புக்கே தொட்டிலாகும். கானில் வேலைசெய்யும்போது காலிற் புண் இருப்பின் மூடிக்கொள்ளுதல் வேண்டும். நெல்வயலிற் பரவும் எலிக்காய்ச்சல் கான் நீரிலும் பரவும்.

கீரையிலுள்ள இரும்புச்சத்து தேசிப்புளியுடன் உண்டால் உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும். தேயிலை விளைவிப்போருக்கு இதனைக் கூறுவது சற்றுச் சங்கடமே. ஆயினும் ஒருமணி நேரம் பொறுத்து அருந்துதல் நலம், கருவுற்ற பெண்களுக்குச் சிறப்பாக.

மழை குறையும் சனவரி, பெப்ரவரியில் விதை சேர்த்தல் எளிது. பயிற்றையிலும் சிறகவரையிலும் நன்றாய்க் காய்த்த கொடியின் முதற் காய்களிற் சிலவற்றைக் கறிக்குப் பறிக்காமல் முற்றவிடுக. உலர்ந்தபின் விதையைச் சாம்பலுடன் கலந்து, ஈரமற்ற போத்தலில் இறுக மூடி, அடுப்படியின் மேற்றட்டில் வைத்தால் அடுத்த நடுகைக்குக் கடையை நாட வேண்டியதில்லை.