மாறாத எண்ணும் மாறிய மக்களும்
அயோவாவின் போஸ்ற்வில் நகரை முன்வைத்து ஒரு சனத்தொகைப் பாடம்

கிராமமொன்றில் பணி தொடங்கும்போது நாம் முதலில் தேடுவது சனத்தொகை விபரத்தைத்தான். எத்தனை குடும்பங்கள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, என்ன சமயம், என்ன தொழில் என்று ஒரு தாளில் எழுதிக் கோவையில் போட்டுவிட்டால் ஊரை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். பத்து ஆண்டுகளின் பின்னர் அதே எண் திரும்பவும் வந்தால், 'குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்று அறிக்கையில் எழுதுகிறோம். இந்த வாசகம் எவ்வளவு தூரம் எம்மை ஏமாற்றக்கூடும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிறு நகரை எடுத்துப் பார்ப்போம். அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் அந்த நகரின் பெயர் போஸ்ற்வில்.

அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின்படி 1990இல் அங்கு 1,472 பேர் வாழ்ந்தனர். 2000இல் 2,273 பேர். 2010இல் 2,227 பேர். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையில் வித்தியாசம் வெறும் 46. ஒரு சில முதியவர்கள் இறந்தார்கள், சில இளைஞர் பட்டணம் போனார்கள் என்று எவரும் எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் ஒரே நாளில் 389 பேர் அந்நகரின் ஒரு தொழிற்சாலையிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து இன்னும் நூற்றுக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். இந்த எண்களில் அந்த நாள் இல்லை.

முதலில் 1990இன் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். அயோவா சோளமும் சோயா அவரையும் பன்றியும் மாடும் விளையும் மாநிலம். 1970களில் தானிய ஏற்றுமதி பெருகிற்று, நிலத்தின் விலை ஏறியது. வங்கிகள் நிலத்தை ஈடுவைத்துத் தாராளமாகக் கடன் கொடுத்தன. 1980 சனவரியில் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதற்குத் தடை வந்தது. அதே காலத்தில் வட்டி வீதமும் கடுமையாக உயர்ந்தது. 1981இல் ஏக்கர் ஒன்றுக்குச் சராசரி 2,147 டொலராக இருந்த அயோவா விவசாய நிலம் 1986இல் 787 டொலருக்கு விழுந்தது. ஈடுவைத்த காணியின் பெறுமதி வாங்கிய கடனிலும் பார்க்கக் குறைந்துபோனால் விவசாயியின் கதி என்ன என்பதை நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. 1980க்கும் 1990க்கும் இடையில் அயோவா மாநிலமே ஏறத்தாழ 1,37,000 பேரை இழந்தது. போனவர்களில் பெரும்பகுதி இளவயதினர். மிஞ்சிய சிறு நகரங்களில் கடைகள் மூடப்பட்டன, பாடசாலைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. போஸ்ற்விலும் அந்த வழியிலேயே போயிருக்கவேண்டிய ஊர்.

அதை மறித்தது ஒரு தொழிற்சாலை. ஊரோரத்தில் மூடிக்கிடந்த பழைய இறைச்சித் தொழிற்சாலையை நியூயோர்க்கின் புறூக்ளினைச் சேர்ந்த ஆரன் றுபாஷ்கின் என்ற யூத வணிகர் 1987இல் வாங்கி, 'அக்ரிப்புரொசெசர்ஸ்' என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார். யூத சமய விதிப்படி அறுக்கப்பட்ட 'கோஷர்' இறைச்சியை நாடெங்கும் அனுப்புவதே தொழில். கால்நடை விளையும் இடத்திலேயே அறுப்பது செலவைக் குறைத்தது. ஆனால் கோஷர் முறையில் மிருகத்தை அறுப்பவரும், அதைச் சோதித்து ஒப்புதல் கொடுப்பவரும் அதற்கெனப் பயிற்சி பெற்ற, சமயக் கடைப்பிடிப்புள்ள யூதராக இருக்கவேண்டும். ஆகவே அவர்கள் தம் குடும்பங்களோடு வந்து குடியேறினர். ஜெர்மானிய, நோர்வேஜிய வழிவந்த லூதரன் சபையினரும் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கரும் வாழ்ந்த சோளக்காட்டு நகரில் கறுத்த நீள அங்கியும் தாடியுமாக ஹசிடிக் யூதர் நடமாடத் தொடங்கியது இவ்வாறுதான்.

பழைய ஊரவரின் குணம் எப்படிப்பட்டது? வீதியில் எதிரே வரும் வாகனக்காரர் அறிமுகமில்லாதவராயினும் கையை உயர்த்தி வணக்கம் சொல்லும் ஊர். வீட்டு முற்றத்துப் புல்லை ஒழுங்காக வெட்டிவைப்பது நல்ல அயலவனுக்கு அடையாளம். கோவில் மண்டபத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்துண்பது அவர்களது ஒற்றுமை. புதிதாக வந்த யூதரோ உணவு விதி காரணமாக அயல்வீட்டில் உண்ணமாட்டார். ஆண்கள் பிற பெண்களுக்குக் கை கொடுக்கமாட்டார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். ஒருவருக்குச் சமய ஒழுக்கமாக இருந்தது மற்றவருக்குத் தலைக்கனமாகத் தெரிந்தது. தொழிற்சாலை நகர எல்லைக்கு வெளியே இருந்தபடியால் 1997இல் அக்காணியை நகரோடு இணைப்பதா என்று வாக்கெடுப்பு வைத்தனர். இணைத்தால் தொழிற்சாலையை மூடுவோம் என்று எச்சரிக்கையும் வந்தது. ஊரவர் இணைக்கவே வாக்களித்தனர். தொழிற்சாலை மூடப்படவில்லை.

இச்சந்தர்ப்பத்தில் ஒரு சிறு தகவல். 1946இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோன் மொற் சிறுவயதில் வளர்ந்தது இந்தப் போஸ்ற்விலில்தான். 1938இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய உலக மிசன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. உலகம் முழுவதையும் ஒரு மண்டபத்தில் கூட்டத் தெரிந்த ஒருவரை அளித்த ஊருக்கு, உலகம் தன் வாசலுக்கு வந்தபோது தடுமாற்றம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அழைத்த விருந்தாளி வேறு, வேலை தேடி வருபவர் வேறு.

இந்த யூத–உள்ளூர்ப் பிணக்கைப்பற்றி அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீபன் புளூம் எழுதிய நூல் 2000இல் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அதில் மூன்றாவது கூட்டத்தார் பின்புலத்திலேயே நிற்கின்றனர். எனது கருத்தில் ஊரின் உண்மையான வரலாறு அவர்களிடத்தில்தான் இருந்தது. கோழியின் இறகு பிடுங்குவதற்கும், தோலுரிப்பதற்கும், குளிர் அறையில் மணிக்கணக்காக நின்று துண்டு வெட்டுவதற்கும் ஊர் இளைஞர் வரவில்லை. முதலில் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவ்வேலைகளைச் செய்தனர். பின்னர் மெக்சிக்கோவிலிருந்தும், அதற்கும் பின்னர் பெருமளவில் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தனர். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களிற் பலர் மாயப் பழங்குடி உழவர். ஸ்பானிய மொழியே அவர்களிற் சிலருக்கு இரண்டாம் மொழி. 1990க்கும் 2000க்கும் இடையில் ஊர் 800 பேரால் வளர்ந்ததன் காரணம் இதுவே. பாடசாலை வகுப்புகள் நிரம்பின. வாடகை வீடுகள் நிரம்பின. புனித பிரிஜிட் ஆலயத்தில் ஸ்பானிய மொழித் திருப்பலி நடைபெற்றது. ஐரிஷ் மக்கள் தம் நாட்டுப் புனிதையின் பெயரில் எழுப்பிய ஆலயம் அது. பாற்பசுக்களோடும் விருந்தோம்பலோடும் இணைத்துப் பேசப்படுபவர் அந்தப் புனிதை. பெயரைத் தேர்ந்தவர்கள் தீர்க்கதரிசிகளாக இருந்திருக்க வேண்டும்.

2008 மே 12ஆந் திகதி காலையில் ஹெலிகொப்டர்கள் ஊரின் மேல் வட்டமிட்டன. குடிவரவு அதிகாரிகள் தொழிற்சாலையைச் சுற்றிவளைத்தனர். கைதான 389 பேரில் நான்கில் மூன்று பங்கினர் குவாத்தமாலாவினர். ஒரே வேலைத்தலத்தில் அதுவரை அமெரிக்கா கண்டிராத கைது நடவடிக்கை அது. அவர்களை வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோய், அங்கேயே தற்காலிக நீதிமன்றம் அமைத்து, கூட்டங்கூட்டமாக விசாரித்தனர். பிறருடைய அடையாளத்தைத் திருடிய குற்றத்துக்கு குறைந்தது இரண்டு வருடச் சிறை, சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதம் என்று தெரிவு கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 பேர் ஒப்புக்கொண்டு, பெரும்பாலானோர் ஐந்து மாதச் சிறையின் பின் நாடுகடத்தப்பட்டனர். மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய பேராசிரியர் எரிக் கமாய்ட்-பிறெய்சாஸ், அவர்களிற் பலருக்குத் தங்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் என்னவென்றே விளங்கவில்லை என்று பின்னர் பகிரங்கமாக எழுதினார். அடுத்த வருடம் மே மாதத்தில், இலக்கம் இன்னொரு மனிதருடையது என்பதை அறிந்திருந்தாலன்றி அந்தத் திருட்டுச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குள் இவர்கள் சிறையை முடித்திருந்தனர்.

அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் புனித பிரிஜிட் ஆலயத்துக்குள் புகுந்தனர். அங்கு பங்கு நிர்வாகியாக இருந்தவர் மேரி மக்கோலி என்ற அருட்சகோதரி. ஓய்வுபெற்றிருந்த அருட்தந்தை போல் ஊடர்க்கேர்க் திரும்பி வந்து அவருடன் சேர்ந்துகொண்டார். ஆலய வாங்குகளில் மக்கள் உறங்கினர். பிள்ளைகளைப் பராமரிக்கவென விடுவிக்கப்பட்ட தாய்மார், காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவியோடு, வேலை செய்ய அனுமதியுமின்றி மாதக்கணக்காக ஊருக்குள் காத்திருந்தனர். அவர்களது வாடகையும் உணவும் மருந்தும் வழக்குச் செலவும் பங்கின் சுமையாயின. லூதரன் சபையினரும் யூத நிறுவனங்களும் உதவிக்கு வந்தனர். இது அவசர உதவி எப்படிப் பல மாதத் தோழமையாக மாறவேண்டியிருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

முதலாளி தரப்பின் கதை வேறு. தொழிற்சாலையில் 18 வயதுக்குட்பட்ட 32 பேரை வேலைக்கு வைத்ததாக மாநில அரசு 9,311 குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. நிர்வாகி ஷோலம் றுபாஷ்கினை அச்சிறுவர் தொழில் வழக்கில் யூரிமார் 2010இல் விடுவித்தனர். வங்கி மோசடிக்காக அவருக்கு 27 வருடச் சிறை கிடைத்தது. 2017 டிசம்பரில் சனாதிபதி டிரம்ப் தண்டனையைக் குறைக்க அவர் வெளியே வந்தார்.

2008 நவம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. வீடுகள் வெறுமையாயின, கடைக்காரர் கடனில் மூழ்கினர். ஆனால் இறைச்சிக்கு ஆள் வேண்டும். சோமாலியரும், பசுபிக் தீவான பலாவ் நாட்டினரும் கொண்டுவரப்பட்டனர். பலாவ் நாட்டினருக்கு அமெரிக்காவில் வேலைசெய்ய விசா தேவையில்லை. 2009இல் கனடிய முதலாளி ஒருவர் தொழிற்சாலையை வாங்கி 'அக்ரி ஸ்ரார்' என்று பெயரிட்டார். மெல்ல மெல்ல லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் வந்துசேர்ந்தன. இவ்வாறாக ஒரு கூட்டம் வெளியேற, இன்னொரு கூட்டம் அந்த இடத்தில் வந்து நின்றபோதுதான் 2010ஆம் ஆண்டின் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டினார். 2,227 என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த எண்ணில் பிழையில்லை. எத்தனை பேர் என்ற கேள்விக்கு அது சரியான விடை. எவர் இருந்தார், எவர் போனார், ஏன் வந்தார் என்பதைக் கேட்க வேறு ஏடுகளைப் புரட்டவேண்டும். பாடசாலை இடாப்பில் நடுவருடத்தில் வெட்டப்பட்ட பெயர்கள், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரின் பிறந்த ஊர், வாடகை வீடொன்று வருடத்தில் எத்தனை தரம் கைமாறிற்று என்பது, தொழிற்சாலையின் இரவு முறைக்கு எவர் போகிறார் என்பது ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்தால்தான் சனத்தொகைத் தாள் பேசத் தொடங்கும். ஒரே முதலாளியை நம்பிய ஊரில் இவற்றை வருடந்தோறும் பார்க்கவேண்டும், பத்து வருடத்துக்கொருமுறை போதாது. 2020இல் போஸ்ற்விலின் சனத்தொகை 2,503. நகரம் தன்னை 'உலகத்துக்குச் சொந்த ஊர்' என்று அழைத்துக்கொள்கிறது. அதன் பெரிய தொழில் இன்றும் அதே இறைச்சிதான்.