புதுப் பம்பு போட்டும் இன்ஜின் ஏன் இயங்கவில்லை?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு புதிரோடு தொடங்குவோம். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் ஒரு டீசல் பிக்அப்பில் எரிபொருள் பம்பு பழுதாகிவிட்டது. பட்டறையில் ஃபோர்மன் பழைய பம்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். தொட்டியில் டீசல் இருக்கிறது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ஆனால் இன்ஜின் இயங்க மறுக்கிறது. புதுப் பம்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் தடுப்பது எது?

விடைக்கு முன், டீசல் இன்ஜினுக்கு இந்தப் பம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி பிளக் உண்டு. டீசல் இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு கொள்ளளவுக்கு நெருக்குகிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அதே விளைவுதான் இங்கும். காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். ஆக, அந்தச் சூடான காற்றுக்குள் சரியான நொடியில் டீசலைப் பனிபோல் தூவிவிட்டால் வேலை முடிந்தது.

தூவுவதுதான் கடினம். உள்ளே காற்று ஏற்கனவே கடும் அழுத்தத்தில் இருப்பதால், அதை மீறி டீசலைச் செலுத்த வேண்டும். ருடோல்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இன்ஜினில், அழுத்தப்பட்ட காற்றே எரிபொருளை உள்ளே ஊதியது. அதற்குத் தனியாகப் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டதால், வாகனங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் எரிபொருள் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் லோரிகள் பெருகின.

இன்றைய பிக்அப்புகளில் பம்பு டீசலை ஒரு தடித்த எஃகுக் குழாய்க்குள் அழுத்தி வைக்கிறது. அங்கிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் அது பிரிகிறது. இதைக் காமன் ரயில் முறை என்பார்கள். அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம். 2,000 பார் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எவ்வளவு விசை தரும் என்று நீங்களே கணக்கிடுங்கள்: 20,000 நியூட்டன். ஏறக்குறைய அந்தப் பிக்அப்பின் முழு எடையும் உங்கள் விரல் நகத்தின் மீது நிற்பதுபோல.

இனி புதிருக்கு வருவோம். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காற்றோடு அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும். விட்டதும் திரும்பி வரும். திரவத்தை எளிதில் நெருக்க முடியாது, வாயுவை நெருக்கலாம் என்பது பாடநூலில் உள்ளதுதான். (உண்மையில் 2,000 பாரில் டீசல்கூடச் சில விழுக்காடு சுருங்கும். தேர்வில் இதை எழுதி ஆசிரியரைத் திகைக்க வைக்காதீர்கள்!)

பம்பை மாற்றும்போது குழாய்களைக் கழற்றுகிறோம், டீசல் வடிகிறது, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பம்புத் தண்டு ஒரு தள்ளலில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே தள்ளும். அதன் அறையில் காற்றுக் குமிழ் இருந்தால், தள்ளும்போது குமிழ் சுருங்குகிறது, பின்வாங்கும்போது மீண்டும் விரிகிறது. விரிந்த குமிழே அறையை நிரப்பிவிடுவதால் புதிய டீசல் உள்ளே வர வழியில்லை. இன்ஜின் பற்றிக்கொள்ளச் சுமார் 200 பாராவது வேண்டும். பாயிலின் விதிப்படி, அந்த அழுத்தத்தை எட்ட ஒரு குமிழ் 200இல் ஒரு பங்காகச் சுருங்கியாக வேண்டும். ஸ்டார்ட்டர் எவ்வளவு நேரம் சுழன்றாலும் நடக்காது.

அதனால்தான் அனுபவமுள்ள ஃபோர்மன் சாவியைத் தொடுவதற்கு முன், எரிபொருள் வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பைத் தேடுவார். அதை அழுத்த அழுத்த, தொட்டியிலிருந்து வரும் டீசல் காற்றை முன்னே தள்ளி வெளியேற்றும். முதலில் தொளதொளவென்று இருக்கும் கைப்பம்பு, காற்று போனதும் கல்லாக இறுகும். சிரிஞ்சில் உங்கள் கட்டைவிரல் உணர்ந்த அதே வேறுபாடு. கைப்பம்பு இல்லாத வண்டிகளில் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு இதைச் செய்யும். காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழற்றுவது வீண் மட்டுமில்லை, கேடும்கூட. ஏனென்றால், இந்தப் பம்புக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் அதன் வழியே ஓடும் டீசல்தான். டீசல் இல்லாமல் சுழன்றால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

பழைய பம்பு கெட்டதற்கும் பெரும்பாலும் இப்படி ஓர் உரசல்தான் காரணம். தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். தண்ணீர் கலந்த டீசலும், வடிகட்டியைக் காலத்தில் மாற்றாததால் நுழையும் தூசும், தவறுதலாக ஊற்றிய பெட்ரோலும் அந்த மெல்லிய டீசல் படலத்தைக் குலைத்துவிடும். பெட்ரோலுக்கு வழுக்கும் தன்மை குறைவு.

உரசிய பம்பு இரும்புத் தூளை முன்னோக்கி அனுப்பியிருக்கும். வடிகட்டியிலுள்ள டீசலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தால், தூள் மின்னுவது தெரியும். மின்னினால் பம்பை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை என்பேன். ரயில் குழாய், இன்ஜெக்டர்கள், தொட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் அதே தூள் இன்ஜெக்டர்களின் நுண்துளைகளைக் கெடுத்து, திரும்பிவரும் டீசலோடு தொட்டிக்கும் போகும். செலவு பல மடங்காகும் என்பதால் வண்டிக்காரர் தயங்குவார். அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்றால், இரண்டாவது பம்பும் கெட்டபின் வரும் செலவு இன்னும் வலிக்கும்.

காற்று போனதும் இன்ஜின் முதலில் திக்கித் திணறி, பிறகு சீராக ஓடும். இப்போது எங்காவது டீசல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஃபோர்மன் நீளமான ஓர் அட்டைத் துண்டைக் குழாய் ஓரமாகக் காட்டுவார். அட்டை நனைந்தால், இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே ஸ்பேனரை எடுப்பார்.