அடிவாரத்திலிருந்து வான்நோக்கல்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் பாதை சமவெளியை விட்டு மலையேறத் தொடங்கும் இடத்திற்கு அடிவாரம் என்பதே பெயர். எங்கள் இல்லம் அவ்விடத்திலே உளது. ஏற்காடு செல்வோர் பலரும் இவ்விடத்தைக் கடந்தே போவர். நின்று பார்ப்பவர் மிகச் சிலர். அச்சிலரும் சேர்வராயன் மலையைப் பார்ப்பரேயன்றி அதன் மேலுள்ள வானைப் பார்ப்பதில்லை. யான் சிறு பருவமுதல் அவ்வானையே நோக்கி வருகின்றேன்.

இதனை அறிந்த பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர், "தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்கின்ற உமக்கு வானநூலில் என்ன வேலை? கணிதம் இல்லாத வானநூல் கதை படிப்பதுதானே?" என்று என்னைக் கேட்டார். அவர் எள்ளிக் கேட்டாரல்லர். உண்மையாகவே ஐயுற்றுக் கேட்டார். அன்று யான் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையை அதற்குரிய விடையாகக் கொள்க.

அவர் கூற்றில் ஒரு பகுதி மெய்யே. விண்வெளிச் செய்திகளை விரும்பிப் படிப்பது மட்டும் வானநூலாகாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 திங்களின் தென்முனைப் பக்கத்தே இறங்கியதை நாடு முழுவதும் கண்டு களித்தது. எங்கள் பகுதியினர்க்கு அக்களிப்பில் ஒரு தனிப் பங்கும் உண்டு. திங்களின் மேட்டு நிலங்கள் அனார்த்தசைட்டு என்னும் வெண்பாறையால் ஆயவை. அவ்வினப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிற் கிடைக்கின்றது. அதனைப் பொடித்துத் திங்கள் மண்ணுக்கு ஒப்பான மண் செய்து, அதன்மேல் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதித்தனர். நம் ஊர்க் கல் திங்களுக்கு முன்மாதிரியாயிற்று என்று எண்ணுகையில் மகிழ்ச்சி பிறக்கின்றது. ஆயினும் அம்மகிழ்ச்சி பிறர் உழைப்பைக் கேட்டு யாம் அடைந்தது. அதில் யாம் செய்தது ஒன்றுமில்லை.

நிற்க. வெறுங் கண்ணும் ஒரு குறிப்பேடும் உடையான் ஒருவன் இந்நூலுக்குப் பயன்படும் செயல் ஏதேனும் செய்யக்கூடுமோ? கூடும். சில விண்மீன்கள் என்றும் ஒரே ஒளியினவாய் இருப்பதில்லை. பெருகியும் மங்கியும் வருவன. அவற்றை மாறுமீன்கள் என்பர். அவை பலவாதலின், பெருந் தொலைநோக்கிகள் அவை ஒவ்வொன்றையும் இரவுதோறும் காத்திருந்து நோக்குதல் அரிது. அவ்வேலையைப் பொழுதுபோக்காக வானை நோக்குவோரே நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர்.

இத்துறையில் நம்மவர் பெயர் முன்னரே பொறிக்கப்பட்டுள்ளது. சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-ஆம் ஆண்டில் ரெட்டிகுலம் என்னும் சிறு மீன்கூட்டத்தில் உள்ள ஒரு மீன் ஒளி மாறுவதென்று கண்டறிந்தார். அது வானத்தின் தென்பாகத்தில் நடுக்கோட்டிலிருந்து 63 பாகை விலகியுள்ளது. இலண்டனில் அது எக்காலத்தும் உதிப்பதில்லை. சென்னையிலோ அடிவானுக்கு மேல் 14 பாகை எழும். ஆகவே ஐரோப்பியப் பெருங் கூடங்கள் பார்க்கவியலாத வானப் பகுதி நம் வாயிலிலே திறந்து கிடக்கின்றது. 1874-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு நூல் இயற்றி, அதனை இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார் என்பதைத் தமிழ் மாணாக்கர் குறித்துக் கொள்க. மொழிக்கும் வானுக்கும் பகையில்லை.

அவருக்குத் தலைவராயிருந்த போக்சன் என்பவரே மீன்களின் ஒளித்தரத்திற்கு இன்று வழங்கும் அளவையை 1856-இல் வகுத்தவர். அதன்படி முதல் தரத்து மீன் ஆறாந் தரத்து மீனினும் நூறு மடங்கு ஒளியுடையது. ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் வேற்றுமை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எண் சிறிதாயின் ஒளி பெரிது என்பதனை மறவற்க. புதியவர் அனைவரும் முதலில் இவ்விடத்தே இடறுவர், யானும் இடறினேன்.

இனி, என் நண்பர் வினாவிற்கு நேர் விடையாக நிற்பவர் ஒருவரைக் கூறுவல். வங்காளத்து ஜெஸ்ஸூரில் 1878-ஆம் ஆண்டு பிறந்த ராதாகோவிந்த சந்திரர் பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். கஜானாவில் நாணயங்களைச் சோதிக்கும் சிறு அலுவலில் அமர்ந்து காலங்கழித்தவர். 1910-இல் ஹாலி வால்மீனை நோக்கிய பின்னர், தம் பொருளைச் செலவிட்டு மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கழுகு மீன்கூட்டத்தில் திடீரெனத் தோன்றிய புதுமீனைத் தாமே கண்டு குறித்தார். அக்குறிப்பு அமெரிக்கா சென்றது. ஆங்குள்ள மாறுமீன் நோக்கர் சங்கத்தார் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டதோடு, 1926-இல் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றையும் அனுப்பி உதவினர். அவர் அச்சங்கத்திற்கு அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கு மேற்பட்டன. பகலெல்லாம் நாணயத்தின் மாற்றையும் இரவெல்லாம் மீனின் மாற்றத்தையும் ஆராய்ந்த அவர் வாழ்வை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது.

அத்தொலைநோக்கியின் பிற்கதை நம் நாட்டைச் சேர்ந்தது. சந்திரர் முதுமையுற்ற பின்னர் அது வானநூல் வல்லுநர் வேணு பாப்புவின் பொறுப்பில் வந்து, இறுதியில் காவலூரை அடைந்தது. காவலூர், எங்கள் சேர்வராயனைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய ஜவ்வாது மலையில் உளது. ஆங்கே 1986-ஆம் ஆண்டு முதல் பாப்புவின் பெயரால் 2.34 மீட்டர்ப் பெருந் தொலைநோக்கி இயங்கி வருகின்றது. தேர்வில் தேறாத எழுத்தர் ஒருவரின் கருவிக்கு அம்மலையில் இடங் கிடைத்தது.

என் சொந்த அனுபவத்திற்கு வருவேன். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு ஆண்டிறுதி ஆராதனை முடிந்து ஆலயத்தினின்றும் வெளிப்போந்தோம். வேட்டுவன் என்னும் மீன்கூட்டம் தலைக்கு மேல் நின்றது. அதன் தோளிலுள்ள செம்மீனே நம்மவர் திருவாதிரை என்பது. என் பாட்டனார் நிமிர்ந்து நோக்கி, "இது மங்கிப்போயிற்றே! என் கண்தான் கெட்டதோ?" என்றார். பள்ளிச் சிறுவனாகிய யான், "தாத்தா, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்றேன். அவர் கண் கெடவில்லை. வழக்கமாக அரைத் தரத்தை ஒட்டி நிற்கும் அம்மீன் அந்நாட்களில் நாளுக்கு நாள் மங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கிற்று. அஃதாவது முன்னிருந்த ஒளியில் மூன்றிலொரு பங்களவே எஞ்சிற்று. அது வெடிக்கப் போகின்றது என்று சிலர் ஆரவாரித்தனர். ஆனால் சில திங்களில் அது மீண்டும் ஒளிபெற்றது. அம்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதன் ஒரு பாகத்தை மறைத்ததே காரணமென்று 1921-க்கு நூறாண்டு பின்னர், 2021-இல், ஆராய்ந்தோர் வெளியிட்டனர். பாட்டனார் அன்று குறிப்பு எழுதாமற் போனதே எனக்கு வருத்தம். அவர் தேதியிட்டு ஒரு வரி எழுதியிருப்பின் அதுவும் ஒரு சான்றாகியிருக்கும்.

ஆகவே எழுதும் முறையைக் கூறுகின்றேன். திருவாதிரையின் ஒளியை அறியப் பக்கத்து மீன்களையே அளவுகோலாகக் கொள்க. புரோசியன் 0.4, உரோகிணி 0.9, புனர்பூசத்தின் இரட்டையருள் ஒளிமிக்கதாகிய போலக்சு 1.1, வேட்டுவனது மற்றைத் தோளாகிய பெல்லாட்ரிக்ஸ் 1.6. உரோகிணியினும் மங்கலாய், பெல்லாட்ரிக்ஸினும் ஒளியுடையதாய், அவ்விடைவெளியில் மூன்றிலொரு பங்கு இறங்கியதாகத் தோன்றின் 1.1 என்று எழுதுக. ஆண்டு, நாள், மணி ஆகியவற்றையும் உடன் எழுதல் வேண்டும்; இவை இல்லாத மதிப்பீடு வீணே. செந்நிற மீனை நெடுநேரம் உற்று நோக்கின் அது மெய்யினும் ஒளிமிக்கதாகத் தோன்றி ஏமாற்றும். ஆதலின் மின்னல்போற் பார்த்துக் கண்ணை மீட்க. அடிவானை ஒட்டிய மீன் காற்றினால் மங்குமாதலின், ஏறக்குறைய ஒத்த உயரத்திலுள்ள மீன்களையே ஒப்பிடுக.

இம்மீனையே யான் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஓரூரில் துருவமீன் எத்தனை பாகை உயரத்தில் நிற்குமோ ஏறக்குறைய அத்தனை பாகையே அவ்வூரின் அட்சரேகை. எங்கள் அடிவாரத்தில் அது 12 பாகைக்குச் சற்றுக் குறைவு. வடக்கே மலை நிமிர்ந்து நிற்றலின் எங்கள் முற்றத்தில் துருவமீன் தெரிவதில்லை. அதனைக் காணத் தெற்கே நெடுந்தூரம் நடந்து பின்வாங்க வேண்டும். பிள்ளைப் பருவத்தில் அந்நடை எனக்கொரு விளையாட்டு. தெற்கேயோ சேலம் நகரின் விளக்கொளி வெண்புகைபோல் எழுந்து பரவுகின்றது. அகத்திய மீன் 25 பாகை உயர்தலின் அதனைத் தப்பி விளங்குகின்றது. தென்சிலுவை அவ்வொளியில் நனைந்து கரைகின்றது. இரகுநாதாசாரியார் கண்ட மீன் இருக்கும் திசையும் அதுவே. ஏற்காட்டில் சீமாட்டி இருக்கை என்னும் இடத்திற்கு மாலையிற் செல்வோர் கீழே மின்னும் அந்நகர விளக்குகளைக் கண்டு, விண்மீன்கள் தரையில் சிந்தினாற்போல் உள்ளன என்று வியப்பர். அவ்வியப்பை யான் பழிக்கவில்லை, யானும் வியந்ததுண்டு. ஆயினும் தரையிற் சிந்தியவை மிகுந்தோறும் வானிலுள்ளவை குறைகின்றன.

வடக்கில் மலை, தெற்கில் விளக்கு. எனக்கு எஞ்சியது தலைக்கு நேரேயுள்ள வானம். திருவாதிரை அவ்வழியே செல்கின்றது.

மார்கழி முதல் பங்குனி வரை முன்னிரவிலேயே அதனைக் காணலாம். விடுதி மாடியின் விளக்கை அரைமணி நேரம் அணைத்தற்கு இசைவு பெற்று, பௌதிக நண்பரும் யானும் இவ்வாண்டு தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுத முடிவு செய்துள்ளோம். சேர விரும்பும் மாணாக்கர் ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொணர்க. எழுதி முடிக்குமுன் ஒருவர் மதிப்பை மற்றவர் கேட்கலாகாது.