மங்கில் வடியும் பாலும் மரபணுக் கணக்கும்

ஒரே நிரையில், ஒரே வயதில் இரண்டு ரப்பர் மரங்கள். ஒன்றில் மங்கு நிறையப் பால். மற்றதில் சீவிய கோட்டில் ஒரு சொட்டும் இல்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத்தில் மரம் சீவியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பால் வற்றிய மரங்கள் கூடினால் சம்பளத்தில் துண்டு விழும்.

இத்தனைக்கும் இவை ஒட்டுக்கட்டிய மரங்கள். வேர்ப்பகுதி விதையிலிருந்து வந்தது. நாம் சீவும் தண்டோ ஒரே தாய்மரத்தின் நகல். ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம் மலாக்காவில் நின்றாலும் கெடாவில் நின்றாலும் அதன் டி.என்.ஏ. ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

தோட்டத்து ஆபீசில் இருக்கும் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. ஆனால் இன்று யார் வேலைக்கு வந்தார் என்பது விடியற்காலைப் பெரட்டில்தான் தெரியும். டி.என்.ஏ. செக்ரோல் என்றால், செல்லில் அந்த நேரத்தில் இருக்கும் தூது ஆர்.என்.ஏ.க்கள்தாம் பெரட்டு. எந்த மரபணு படியெடுக்கப்படுகிறது, எத்தனை படிகள் என்பதை அவை காட்டும். அத்தனை படிகளையும் ஒருசேர எண்ணுவதே ஆர்.என்.ஏ. வரிசையறிதல்.

இந்த வேலைக்கு ரப்பர் மரம் மிக வசதியானது. பால் வெறும் கழிவுச் சாறு அன்று. பட்டையிலுள்ள பால்குழாய்ச் செல்களின் சைட்டோபிளாசமே அது. ஆகவே அதனுடன் ஆர்.என்.ஏ.வும் வடிகிறது. ஆனால் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால் உடனே குளிரூட்டிப் பாதுகாக்க வேண்டும்.

தூது ஆர்.என்.ஏ.யின் ஒரு முனையில் 'ஏ' எழுத்துகளாலான வால் உண்டு. 'டி' எழுத்துகள் கோத்த நுண்மணிகள் அந்த வாலைப் பிடித்துப் பிரித்தெடுக்கும். பின்பு ஒரு நொதி அதை டி.என்.ஏ.வாக மாற்றும். கருவி அதைச் சிறு துண்டுகளாக வாசிக்கும். ஒவ்வொன்றும் 100 முதல் 150 எழுத்துகள். அத்துண்டு எந்த மரபணுவுடையது என்று கணினி தேடிப் பொருத்தி எண்ணும்.

பொருத்திப் பார்க்க ஒரு மூலப்பிரதி இருந்தால் வேலை எளிது. டான் சாய் யான் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது 1896இல். ரப்பர் மரத்தின் மரபணுத்தொகை வரைவை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது 2013இல். அவர்கள் எடுத்ததும் நம் ஆர்.ஆர்.ஐ.எம். 600தான். அதற்கு முன்பே, 2007இல், மலேசிய ரப்பர் வாரிய ஆய்வாளர்கள் பாலிலிருந்து சுமார் 10,000 துண்டுகளைப் பழைய முறையில் வாசித்திருந்தார்கள். ரப்பர் உருவாக்கத்தோடு தொடர்புடைய இரு புரதங்களின் படிகளே அதில் மிகுதி. இன்றைய கருவிகள் ஒரே ஓட்டத்தில் கோடிக்கணக்கில் வாசிக்கின்றன.

எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு மரபணுவுக்கு முதல் மரத்தில் 200 துண்டு, இரண்டாவதில் 400. இருமடங்கா? முதல் மரத்தில் மொத்தம் 2 கோடித் துண்டுகளும் இரண்டாவதில் 4 கோடியும் வாசித்திருந்தால் இரண்டும் சமம். ஒரு மரத்தோடு ஒரு மரத்தை ஒப்பிடுவதும் போதாது. பக்கத்துக்குக் குறைந்தது மூன்று மரங்களாவது வேண்டும்.

சீனாவின் ஹைனானில் நல்ல மரங்களையும் பால் வற்றிய மரங்களையும் இப்படி ஒப்பிட்டிருக்கிறார்கள். ரப்பர் உருவாக்கும் மரபணுக்கள் பலவற்றின் படிகள் வற்றிய மரங்களில் குறைந்திருந்தன. இங்கேதான் கவனம் தேவை. படிகள் குறைந்ததால் பால் வற்றியதா, பால் வற்றியதால் படிகள் குறைந்தனவா? அளவுக்கு மீறிச் சீவுவதும், பால் கூட்டும் மருந்தை அதிகம் தடவுவதும் மரத்தை வற்றச் செய்யும் என்பது தெரிந்ததே. எது முதலில் மாறுகிறது என்று அறிய, நன்றாகப் பால் தரும்போதே தொடங்கி, அதே மரங்களிலிருந்து மாதந்தோறும் பால் எடுத்து எண்ணிக்கொண்டே வரவேண்டும்.